அம்பாசிடர் இஞ்சின் சூடேறவே மாட்டேன் என்றது: காரைக்குடி பட்டறை அனுபவம்

அப்பச்சி 1978-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3 பள்ளத்தூர் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதே 1489 சிசி பெட்ரோல் இஞ்சின்தான், நடுவில் டீசலுக்கு மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் அப்பச்சி மாற்றவில்லை. போன மார்கழியில் அந்த இஞ்சினுக்கு வந்த கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுத்த பட்டறையைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இதே கோளாறோடு நம் பக்கம் நிறைய பழைய வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

காலையில் கிளப்பினால் சோக்கை (ஆறிய இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் குமிழ்) இழுத்து வைத்தபடியே கானாடுகாத்தான் வரை போக வேண்டும், உள்ளே தள்ளினால் திணறும். அப்பச்சி தனியாகப் போட்டிருந்த டெம்பரேச்சர் மீட்டரில் முள் அடியை விட்டு எழும்பாது. லிட்டருக்கு 10 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 8-க்கு வந்துவிட்டது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது ஆயில் ஊற்றும் மூடிதான்: உள்பக்கம் தயிர் ஆடை மாதிரி வெளுப்பாக, கொழகொழவென்று படிந்திருந்தது.

வேறு ஊரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் அந்த மூடியை மட்டும் பார்த்துவிட்டு, ஹெட் பேக்கிங் (தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும், 18,000 ஆகும் என்றார்கள். இன்னொருவர், "முள்ளு ஏறலைன்னா நல்லதுதானே, நம்ம ஊரு வெயிலுக்குச் சந்தோஷப்படுங்க" என்றார். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன்.

கடைசியில் உறவினர் ஒருவர் சொல்லித்தான் காரைக்குடிப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது. கொப்புடையம்மன் கோயில் பக்கம் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'அம்பாசிடர் மேஸ்திரி' என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியை ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னார், இஞ்சின் நன்றாக ஆறியிருந்தால்தான் பார்ப்பாராம்.

மறுநாள் காலையில் ஸ்பேனரைத் தொடும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை, அளவும் குறையவில்லை. இஞ்சினைக் கிளப்பிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. "ஹெட் பேக்கிங் நல்லாத்தான் இருக்கு தம்பி. மூடியில இருக்கிறது ஆவி. இஞ்சின் சரியா சூடானா அது தானே வெளிய போயிரும், சூடாகலைன்னா அங்கேயே தங்கி ஆயிலோட கலந்துரும்." அந்த மூன்று வாக்கியத்தில் என் 18,000 தப்பியது.

அப்புறம் என் கையைப் பிடித்து, ரேடியேட்டருக்கு மேலே போகும் ஹோஸின் மீது வைத்தார். கிளப்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் ஹோஸ் வெதுவெதுவென்று இருந்தது. இந்த நேரத்தில் அது சில்லென்று இருக்க வேண்டுமாம். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் 82 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது, திறந்ததும் ஹோஸ் திடீரென்று கொதிக்கும். "அதுக்கு முன்னாடி மீட்டர் பொய் சொல்லுதான்னு பாத்துருவோம்ண்ணே" என்று பட்டறைப் பையன் ஒருவன் சென்சார் வயரைக் கழற்றி இஞ்சின் பாடியில் தொட்டான். முள் நேராக மேலே போய் முட்டியது. ஆக, மீட்டரிலும் வயரிலும் தப்பில்லை. குன்றக்குடி வரை ஓட்டிவிட்டு வந்து டெம்பரேச்சர் கன் வைத்துப் பார்த்தால் 60 டிகிரி. பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கன் தப்பாகக் காட்டும் என்று முதலிலேயே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார், அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டின் வெளி வளையம் மட்டும் இருக்கிறது. நடுவில் இருந்த வால்வை யாரோ எப்போதோ உடைத்து எடுத்திருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரையில் ஓவர்ஹீட் என்று ஒரு இடத்தில் விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு உண்மையான காரணம், போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டரில் கட்டியிருந்த உப்பு. அதைச் சுத்தம் செய்யாமல் தெர்மோஸ்டாட்டை உடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்று முதல் இஞ்சின் சூடேறாமல் ஓடி, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக் கழுவி, அந்தச் சுவர் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.

புதிது இரண்டு மதுரையிலிருந்து வரவழைத்தார். மாட்டும் முன் வால்வில் ஒரு நூலைக் கடிக்க வைத்து, நூலில் தொங்கவிட்டபடி பாத்திரத் தண்ணீரில் இறக்கி, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பில் ஏற்றினார். வால்வு திறந்தால் நூல் விடுபட்டு தெர்மோஸ்டாட் விழுந்துவிடும். ஒன்று 82-ஐ ஒட்டி 'டிங்' என்று அடியில் விழுந்தது. இன்னொன்று திறந்தது சரி, ஆறிய பிறகு முழுசாக மூடவில்லை, ஓரமாக வைத்துவிட்டார். நம் வெயிலுக்கு 74 டிகிரியில் திறப்பதைப் போடலாமா என்று கேட்டேன். எதைப் போட்டாலும் முழுசாகத் திறந்த பிறகு ஒன்றுதான், சித்திரை வெயிலைத் தாங்க வேண்டியது ரேடியேட்டர் என்றார். அதனால் ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து, கூலண்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டார்.

ஆயில், கூலண்ட் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய் ஆனது. இப்போது முள் 80-ஐத் தாண்டி நிற்கிறது, முதல் தெரு முனையிலேயே சோக்கைத் தள்ளிவிடுகிறேன், மைலேஜ் பத்துக்குத் திரும்பிவிட்டது, மூடியில் வெளுப்பு இல்லை.

குறை என்றால் நேரம்தான். மூன்று நாள் என்று சொல்லி ஆறு நாள் ஆக்கினார், போனை எடுப்பதே இல்லை, பில்லும் துண்டுக் காகிதத்தில்தான். அவசரத்துக்கு ஆகாது. போகிறவர்கள் முதல் நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள், காலையில் சூடாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் நாளைக்கு வரச் சொல்லிவிடுவார்.