குட்டை வெள்ளரியா, கொடி வெள்ளரியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்களுக்கு வாசலில் மிஞ்சுவது நான்கு முழ நிலம். அதிலும் பாதியை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொள்ளும். அங்கே வெள்ளரி போடுவதென்றால் முதலில் ரகத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

குட்டை ரகம் இரண்டு, மூன்று அடியோடு நின்றுவிடும். பந்தல் வேண்டாம். 20 லிட்டர் வாளியின் அடியில் துளையிட்டு, மண்ணோடு மக்கிய சாணத்தைக் கலந்து, இரண்டு விதைகளை அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். நம் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். மெலிந்த கன்றைக் கிள்ளிவிடுங்கள்; பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அறுபடும். காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து, செடி சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

கொடி ரகம் ஆறடியாவது ஏறும். கம்பு, வலை, கயிறு எல்லாம் கேட்கும். ஆனால் நிதானமாக, வாரக்கணக்கில் காய்க்கும்.

இங்கே வழக்கைத் தீர்ப்பது மாலை மழைதான். இலை நனைந்தபடியே இரவைக் கழித்தால் அடிச்சாம்பல் நோய் தொற்றும்: மேலே மஞ்சள் திட்டு, இலையைப் புரட்டினால் சாம்பல் நிறப் பூசணம். உயர ஏறிய கொடியில் காற்று புகுந்து இலை விரைவில் உலரும். குட்டைச் செடியிலோ இலைகள் அடர்ந்து கிடக்கும். ஈர மண்ணில் படும் காய் அழுகும்.

பழ ஈ இரண்டையும் விடாது. பூ வாடியதும் பிஞ்சுக்குக் காகித உறை மாட்ட வேண்டும்.

வேலி இருப்பவர் கொடியையே போடட்டும். வேலியில்லாதவருக்கு வாளிதான்; மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது வாளியில் விதைத்து வந்தால் காய் வரத்து நிற்காது.