சௌந்தரராஜன் ஏன் இரண்டு பேராகத் தெரிகிறார்? கணினிப் பாட்டுச் சேமிப்பில் நெடுநாள் அனுபவம்

பாட்டுச் சேமிப்பைப் பாடகர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். டி.எம்.சௌந்தரராஜன் பெரும்பாலும் இரண்டு வரிகளில் நிற்பார். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டு பெயருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் இருப்பது சகரமும் ஔகாரக் குறியும். மற்றதில் சகரம், ஒற்றைக்கொம்பு, அதன் பின் தனியாக ளகரம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பாடகர் பெயரைச் சொடுக்கிக் கேட்கத் தொடங்கினால் பாதிப் பாட்டு வராமலே போவது இதனால்தான்.

விண்டோஸில் ஃபூபார்2000 பிளேயரும் எம்பி3டேக் என்ற டேக் (பாட்டு ஃபைலுக்குள்ளேயே இருக்கும் தலைப்பு, பாடகர், வருடம் போன்ற குறிப்புகள்) திருத்தியும் சேர்ந்த கூட்டணி தமிழ்ப் பாட்டுக்குப் பல வருடம் தாங்குகிறது. இரண்டும் விண்டோஸில் இலவசம், யூனிகோடைச் சரியாகக் கையாள்கின்றன, ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒரே நேரத்தில் திருத்த விடுகின்றன. ஆனால் பெயரை ஒழுங்குபடுத்தும் வேலையை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்து தராது.

இந்தச் சௌ சிக்கலைத் தீர்க்க எம்பி3டேக்கில் ‘ரீப்ளேஸ்’ ஆக்‌ஷன் போதும். ஆனால் ‘கொம்பும் ளகரமும் எங்கே வந்தாலும் ஔகாரமாக மாற்று’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெள்ளி, தெளிவு, வெளிச்சம் எல்லாவற்றிலும் அதே கொம்பும் அதே ளகரமும்தான் இருக்கின்றன. அத்தனை தலைப்பும் உடைந்துவிடும். ‘செளந்தர’ என்பதை ‘சௌந்தர’ ஆக்கு, ‘கெளசல்யா’ என்பதைக் ‘கௌசல்யா’ ஆக்கு என்று முழுப் பெயராக ஒவ்வொன்றாகக் கொடுப்பதே பாதுகாப்பு. ஸ்ரீ-யிலும் இதே கதை. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். எம்.எஸ்.விஸ்வநாதனின் எகரத்துக்குப் பதில், பார்க்க அதேபோல இருக்கும் தமிழ் எண் 7-ஐ (௭) தட்டியிருப்பதும் சகஜம். முதலெழுத்துகளுக்கு நடுவே சிலர் இடைவெளி விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். எதையாவது ஒன்றை முடிவு செய்து, அதை ஒரு நோட்பேட் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு சேரச் சேர அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

யூனிகோடுக்கு முந்தைய காலத்து எம்பி3-களில் தலைப்பு விநோதக் குறிகளாகத் தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. திஸ்கி, டாப் போன்ற பழைய குறியேற்றத்தில் எழுதியது அது. அந்த வரியை எடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டரில் ஒட்டினால் யூனிகோடாகிவிடும். பாதியில் அறுந்து நிற்கும் தலைப்புகள் வேறு வகை. எம்பி3 டேக்குக்கான ஐடி3 முறையின் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட் மட்டுமே இடம். அறுந்தது அறுந்ததுதான், கையால் தட்டித்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்தது எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் என்ற கேள்வி. இதில் கொஞ்சம் பிடிவாதம் தேவை. டேக் கட்டங்கள் மேலை நாட்டுப் பாப் இசையை மனத்தில் வைத்து அமைந்தவை. அங்கே ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் பாடுகிறவர். நம் சினிமாப் பாட்டில் ஆல்பம் என்பது படம், அதன் சொந்தக்காரர் இசையமைப்பாளர், பாடுகிறவர் பாட்டுக்குப் பாட்டு மாறுவார். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ காலியாக இருந்தால் ஆறு பாட்டுள்ள ஒரு படம் பல பிளேயர்களில் நாலைந்து ஆல்பமாகச் சிதறும். அதனால் ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடகர்கள், கம்போசரில் மறுபடியும் இசையமைப்பாளர், லிரிசிஸ்டில் பாடலாசிரியர். பாடகர் இருவர் என்றால் இருவரையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு எழுதக் கூடாது. எம்பி3டேக்கில் நடுவே இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டால் இரண்டு தனிப் பெயராகப் பதியும். அப்போதுதான் சுசீலாவைத் தேடும்போது டூயட்டும் சேர்ந்து வரும்.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணைக்கு இந்த இரட்டைக் கட்டம் அழகாகப் பொருந்துகிறது. ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இணைப்பெயர் இருக்கட்டும், கம்போசரில் இருவரையும் தனித்தனியாகப் போடுங்கள். 1965-இல் அவர்கள் பிரிந்த பிறகு வந்த படங்களில் ஒரு பெயர் மட்டும் இருக்கும். விஸ்வநாதன் என்று கேட்டால் இரண்டு காலமும் ஒரே ஓட்டமாக வரும்.

வருடம் என்ற கட்டத்தில் படம் வெளியான வருடம்தான் வேண்டும், சிடி வந்த வருடம் அல்ல. ‘ஹிட்ஸ்’ தொகுப்புச் சிடியிலிருந்து எடுத்த பாட்டுகளையும் அந்தந்தப் படத்தின் பெயருக்கே மாற்றிவிடுவது நல்லது. தொகுப்பின் பெயர் தேவையென்றால் தனிக் கட்டம் ஒன்றில் வைக்கலாம், ஒலியைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபைலில் எந்தப் பெயரிலும் கட்டம் உருவாக்கலாம். ஃபோல்டர் பெயரிலும் வருடம் முன்னால் வரட்டும். ‘பில்லா’ 1980-இலும் உண்டு, 2007-இலும் உண்டு.

தானாகவே டேக் நிரப்பும் மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்டைத் தமிழ்ச் சேமிப்பு முழுவதிலும் ஒரே மூச்சில் ஓடவிடாதீர்கள். அது ஒலியின் கைரேகையை வைத்துப் பாட்டை அடையாளம் காண்கிறது. ஒரே ஒலிப்பதிவு பத்துத் தொகுப்புகளில் இருந்தால் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு படத்தின் பாட்டுகள் பத்து ஆல்பமாகப் பிரிந்து போகும். முதலில் ‘கிளஸ்டர்’ (ஆல்பம் வாரியாகக் குவிப்பது) செய்து, பிறகு ‘லுக்கப்’ (குவியலை ஆல்பமாகத் தேடுவது) கொடுங்கள். விருப்ப அமைப்பில் தொகுப்பு ஆல்பங்களுக்கான முன்னுரிமையைக் குறைத்துவிடுங்கள். சேமிக்கும் முன் ஒவ்வொரு ஆல்பமாகக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சிடியிலிருந்து எடுப்பதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள், அதன் செக்யூர் மோடில். சேமிக்க ஃப்ளாக். சிடி ஒலி நொடிக்கு 1411 கிலோபிட். அரை மணி நேரப் படப்பாட்டு சுமார் 317 எம்பி. ஃப்ளாக்கில் அது ஏறத்தாழ 190 எம்பி ஆகும். 1 டிபி வட்டில் இப்படி 5000 படம் கொள்ளும். 1950-களின் மோனோ பாட்டுகள் இன்னும் சுருங்கும், இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால். நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3 இதில் பாதிக்கும் குறைவாகத்தான் இடம் பிடிக்கும், காதுக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் நாளை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது தரம் மேலும் இறங்கும். ஃப்ளாக்கில் அந்தக் கவலை கிடையாது.

வெளியிலிருந்து வரும் ஃப்ளாக்கெல்லாம் உண்மையான ஃப்ளாக் என்று நம்பிவிட வேண்டாம். ஸ்பெக் என்ற சிறிய நிரலில் போட்டால் ஒலியின் படம் விழும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நேர்கோடு தெரிந்தால், பெரும்பாலும் 128 கிலோபிட் எம்பி3-யை ஊதிப் பெரிதாக்கியது. 1960-களின் பாட்டுகளில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, மூலப் பதிவிலேயே உயர் ஒலி குறைவு. அங்கே படம் மெல்ல மங்கி மறையும், வெட்டு இருக்காது.

அறுபதுகளின் பாட்டுக்குப் பின் புதுப் படப் பாட்டு வந்தால் கை தானாக வால்யூமுக்குப் போகும். இதற்கு ரீப்ளேகெய்ன். ஃபூபாரில் பாட்டுகளைத் தேர்ந்து வலது சொடுக்கு, ஸ்கேன், அவ்வளவுதான். ஒலியைத் தொடாது, எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்ற எண்ணை டேக்கில் எழுதும். கலந்து கேட்கும்போது ‘டிராக்’ அளவு. கச்சேரிக்கு ‘ஆல்பம்’ அளவு. இல்லையென்றால் மெல்லிய ஆலாபனையும் தனி ஆவர்த்தனத்தின் உச்சமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

கச்சேரியில் இன்னொரு தொல்லை உண்டு. கிருதி முடிந்து தனி தொடங்கும் இடத்தில் ஃபைல் மாறினால் எம்பி3-யில் சிறு மௌனமாக ஒரு நொடிப்பு கேட்கும். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மௌனத்தால் நிரப்புகிறது. எம்பி3 உருவாக்கும் லேம் குறியாக்கி அந்த அளவைக் குறித்து வைத்தாலும் எல்லாப் பிளேயரும் அதைப் படிப்பதில்லை. தாளம் எண்ணிக் கேட்பவருக்கு அந்த நொடிப்பு பெரிய இடைஞ்சல். ஃப்ளாக்கில் கோடு போல ஓடும். ராகம், தாளம் இரண்டுக்கும் தனிக் கட்டம் வைத்து நிரப்பினால், ‘எந்தரோ மகானுபாவுலு’ எத்தனை பேர் பாடியது இருந்தாலும் அத்தனையும் ஸ்ரீராகத்தின் கீழ் வரிசையாக நிற்கும்.

ஃபைல் பெயர் சிறியதாக இருக்கட்டும். விண்டோஸில் முழுப் பாதைக்கும் பொதுவாக 260 எழுத்து. லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) ஒரு பெயருக்கு 255 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 85 குறி. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் கணக்கு என்பதால் அது சீக்கிரம் தீரும். பாடகர் பெயரையெல்லாம் ஃபைல் பெயரில் அடைத்தால் நகலெடுப்பது பாதியில் நிற்கும். ‘03 தலைப்பு’ போதும், மற்றதை டேக் பார்த்துக்கொள்ளும்.

அட்டைப் படத்தை டேக் வேலையின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள், 600-க்கு 600 அளவு போதும். ஃப்ளாக் ஃபைலில் திருத்தங்களுக்கென்று வழக்கமாக 8 கேபி காலியிடம் இருக்கும். படம் அதைத் தாண்டுவதால் முழு ஃபைலும் மறுபடி எழுதப்படும், கொஞ்ச நேரம் பிடிக்கும்.

காப்புப் பிரதி இரண்டு, அதில் ஒன்று வேறு வீட்டில். வருடத்துக்கு ஒருமுறை ஃபூபாரின் ‘வெரிஃபை இன்டெக்ரிட்டி’ ஓட்டுங்கள். ஃப்ளாக் தன் ஒலியின் சரிபார்ப்பு எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, டேக்கைத் திருத்தினாலும் அது மாறாது. வட்டில் ஒரு பிட் புரண்டாலும் அந்தப் பாட்டின் பெயரைக் காட்டிவிடும். அதை மட்டும் மற்றப் பிரதியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம்.