குமுளி ஏற்றமும் 'இழுவையைக் குறைத்த' அப்டேட்டும்: மின்சார லோடு வண்டி அனுபவம்

தேனி மாவட்டம் கம்பத்தில் மின்சாரக் குட்டியானை வைத்திருப்பவர்களிடம் இப்போது ஒரே பேச்சுதான்: "சர்வீஸுக்கு விட்டா அப்டேட் போட்டு இழுவையைக் குறைச்சிடுறாங்க." வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு குரல் பதிவுதான் இதற்கு மூலம். இருபது சதவீத இழுவை போய்விடுமாம். மூன்றே வருடத்தில் புது வண்டி வாங்க வைப்பதற்கான ஏற்பாடாம். எந்த மாடல், எந்த அப்டேட், எங்கே எப்படி அளந்தார் என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு, வாரண்டி சர்வீஸுக்குக்கூட வண்டியை விடாமல் ஓட்டுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். இதே ரக வண்டியை இரண்டு வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன், அப்டேட்டும் போட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் பெரும்பகுதி பொய், ஒரு சின்னப் பகுதி உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி ஒரு டன் பாரம் ஏற்றும். 21 யூனிட் பேட்டரி, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. நிறுவனத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. சொல்லப்போவது இந்த ரகத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் ஏறக்குறைய பொருந்தும். கம்பம் மண்டியில் முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி ஏற்றி குமுளி, வண்டிப்பெரியாறு கடைகளுக்கு இறக்குவதுதான் வேலை. டீசலோடு ஒப்பிட்டால் ஓட்டும் செலவு நன்றாகவே குறைவு. இன்ஜின் ஆயில், கிளட்ச் தொல்லை கிடையாது. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

எங்கள் பாதையில் வண்டியின் பலம், பலவீனம் இரண்டையும் காட்டிக்கொடுப்பது மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து மேலே குமுளி வரை உள்ள ஏற்றம். ஆறேழு கிலோமீட்டருக்குள் சுமார் 450 மீட்டர் மேலே ஏற வேண்டும். லோடோடு சேர்த்து இரண்டு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே இரண்டரை யூனிட் மின்சாரம் வேண்டும். இதை எந்த மென்பொருளாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. டயர் உருளும் தடை, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் மூன்றரை யூனிட் வரை போகும். அதாவது ஆறேழு கிலோமீட்டரில் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு காலி. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர் முதல்முறை இதைப் பார்த்தால் வண்டியில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்.

சரி, "இழுவை குறைஞ்சிருச்சு" என்று சொன்னவர்களின் வண்டிகளில் உண்மையில் என்ன நடந்தது? நான் நேரில் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

உத்தமபாளையத்துக்காரர் ஒருவர், "அண்ணே, மிதிச்சா கேக்கவே மாட்டேங்குதுண்ணே" என்று வந்தார். அப்டேட் போட்ட பிறகு வண்டி தானாக, சார்ஜை மிச்சம் பிடிக்க இழுவையைக் குறைக்கும் எக்கோ மோடில் நின்றிருந்தது. மாற்றிவிட்டதும் பழையபடி ஓடியது. இன்னொருவர் ஏப்ரல் மாதம் நடுப்பகலில் டிசி சார்ஜரில் வேகமாக ஏற்றிவிட்டு, அந்தச் சூட்டோடு லோடு வைத்து மலை ஏறியிருக்கிறார். பேட்டரிக்குள் இருக்கும் செல் சூடானால் அதைக் காப்பாற்றக் கட்டுப்பாட்டு அமைப்பு மின்னோட்டத்தைக் குறைக்கும். இது அப்டேட்டில் புதிதாக வந்ததல்ல, வண்டி வாங்கிய முதல் நாளிலிருந்தே இருக்கும் பாதுகாப்பு. ஒரு மணி நேரம் நிழலில் நின்றுவிட்டு ஏறினால் வித்தியாசம் தெரியும்.

குமுளியில் குடியிருக்கும் ஒரு சேட்டனின் புகார் வேறு மாதிரி. அப்டேட்டுக்குப் பிறகு இறக்கத்தில் வண்டி பிடிக்கவில்லை, ஆக்சிலேட்டரை விட்டாலும் ஓடுகிறது என்றார். இரவு முழுக்க வீட்டில் சார்ஜ் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு மலை இறங்குகிறவர் அவர். பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரமாவது போலத்தான், இறங்கும் வண்டியின் வேகமும் மோட்டார் வழியாக மின்சாரமாகி பேட்டரிக்குள் போகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை, அந்தப் பிடிப்பும் இருக்காது. மலைமேல் வீடு இருப்பவர்கள் இறங்கும் நாளில் 85, 90 சதவீதத்தோடு கிளம்புவது நல்லது. அந்தப் பிடிப்பை மட்டுமே நம்பிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது ஆபத்து. கால் எப்போதும் பிரேக்குக்குத் தயாராக இருக்க வேண்டும்.

அப்புறம் கிலோமீட்டர் கணக்கு. எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ், சார்ஜ் இறங்கும்போது பெரும்பாலும் 3.2, 3.3 வோல்ட் என்று ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை வோல்டேஜை வைத்து மட்டும் சரியாகச் சொல்ல முடியாது. போன மின்னோட்டத்தையும் வந்த மின்னோட்டத்தையும் எண்ணித்தான் வண்டி கணக்குப் போடுகிறது. நாளாக ஆக அதில் பிழை சேரும். வாரம் ஒருமுறையாவது முழுதாக நூறு வரை ஏற்றினால் கணக்கு நேராகும். என் வண்டியிலும் அப்டேட் போட்ட மறுநாள் திரையில் காட்டிய தூரம் குறைந்துதான் போனது. சில முறை முழு சார்ஜ் ஏற்றி வழக்கமான பாதையில் ஓட்டியதும் திரும்பி வந்தது. திரையில் உள்ள எண் ஒரு மதிப்பீடு. அதை வைத்து இழுவை போய்விட்டது என்று சொல்வது நியாயமில்லை.

இழுவையை அளக்க வேறு வழி இருக்கிறது. மண்டியில் எடை மேடை உண்டு. லோடு எடை, கிளம்பிய சதவீதம், குமுளி போய்ச் சேர்ந்த சதவீதம், ஆன நேரம் நான்கையும் பில் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைப்பது என் வழக்கம். அப்டேட்டுக்கு முன் எழுதியதையும் பின் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பாரம், அதே விடிகாலை நேரம், எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ். ஏறிய நேரத்தில் முன்னால் போன லாரிகளால் வரும் வித்தியாசத்துக்கு மேல் எதுவும் இல்லை. செலவான சதவீதமும் அதேதான். இருபது சதவீத இழுவை போயிருந்தால் முழு லோடில் செங்குத்தான வளைவுகளில் அது தெரியாமல் போகவே போகாது.

உண்மையாக மாறிய ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பு சார்ஜ் 15 சதவீதத்துக்கு வந்தால்தான் திரையில் ஆமைச் சின்னம் விழுந்து வேகம் குறையும். இப்போது 20 சதவீதத்திலேயே விழுகிறது. காரணம் எனக்குப் புரிகிறது. சார்ஜ் குறைவாக இருக்கும்போது முழு மின்னோட்டம் இழுத்தால் வோல்டேஜ் சட்டென்று சரியும். வரிசையில் எந்த செல் பலவீனமோ அது எல்லைக்குக் கீழே போய், நடுவளைவில் வண்டி மொத்தமாக நின்றுவிடலாம். அதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பது பாதுகாப்புதான். ஆனால் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சர்வீஸில் செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று இரண்டே வார்த்தை. கேட்டதற்கு "பொதுவான மேம்பாடு சார்" என்றார்கள். வண்டிப்பெரியாறில் இறக்கிவிட்டு 18 சதவீதத்தோடு திரும்புகிறவனுக்கு இந்த ஐந்து சதவீதம் பெரிய விஷயம். எழுத்தில் சொல்லியிருந்தால் அந்தக் குரல் பதிவை நம்பவே ஆள் இருந்திருக்காது. வதந்திக்குப் பாதிப் பொறுப்பு இந்த மௌனத்துக்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

மக்கள் சந்தேகப்படுவதும் காரணமில்லாமல் இல்லை. பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 2019இல் டெஸ்லா அனுப்பிய ஓர் அப்டேட் சில மாடல் எஸ் கார்களில் பேட்டரியின் உச்ச வோல்டேஜைத் தற்காலிகமாகக் குறைத்தது. வழக்கு நடந்து, 2021இல் 1,743 கார்களுக்குத் தலா 625 டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. தீப்பிடிக்கும் ஆபத்துக்காக செவ்ரலே போல்ட் கார்களின் சார்ஜை 2020இல் 90 சதவீதத்தோடு நிறுத்தியபோது, ஜெனரல் மோட்டார்ஸ் அதை வெளிப்படையாக அறிவித்தே செய்தது. ஐபோன் விஷயம் வெடித்தது வேகத்தை அளந்து வெளியிட்ட வரைபடங்களால். டெஸ்லா உரிமையாளர்கள் தூரமும் வோல்டேஜும் குறைந்ததை எண்களோடு காட்டினார்கள். நம் ஊர்க் குரல் பதிவில் அப்படி அளந்து எடுத்த ஒரு எண்கூட இல்லை.

அந்தப் பதிவோடு சேர்ந்தே இன்னொன்றும் பரவுகிறது: பணம் கொடுத்தால் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றி 'பூட்டை எடுத்துத் தருகிறோம்' என்கிறார்கள். தயவுசெய்து கைவைக்க விடாதீர்கள். வாரண்டி போய்விடும் என்பது ஒரு பக்கம். செல்லின் சூட்டைப் பார்த்து மின்னோட்டத்தைக் குறைக்கும் பாதுகாப்பும் அதோடு போகலாம். காய்கறி மூட்டைக்கு அடியில் இருப்பது 21 யூனிட் பேட்டரி.

உங்கள் வண்டியில் நிஜமாகவே இழுவை குறைந்திருந்தால் முதலில் டயர் காற்று, ஓட்டும் மோடு, பேட்டரிச் சூடு மூன்றையும் பாருங்கள். பிறகு ஒரே பாரத்தோடு ஒரே ஏற்றத்தில் சில முறை ஏறி எழுதிவைத்து, சர்வீஸில் எழுத்தாகக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வண்டி வாங்கிய ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். தேனியில் வண்டி எடுத்துக் குமுளியில் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய வசதி.

இப்போது சர்வீஸுக்கு விடும்போது, பழைய மென்பொருள் பதிப்பு எண்ணையும் புதிய எண்ணையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்கிறேன். எழுதித் தருகிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் ஸ்டாண்டில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவிடுவேன்.