டீலக்ஸ் பெட்டிகள்: முந்தி வாங்கினவருக்கு என்ன மிச்சம்?

ஒரு பாடல் தொகுப்பு வந்த முதல் கிழமையே காசு கொடுத்து வாங்கினவரிடம், அதே பத்துப் பாடலோடு இன்னும் நாலைச் சேர்த்து முழு விலைக்குத் திரும்ப விற்கிறார்கள். டீலக்ஸ், ஆண்டு நிறைவுப் பதிப்பு, ரீமாஸ்டர் என்று பெயர்தான் மாறும். பொறுத்திருந்து வாங்கினவருக்கு எல்லாம் ஒரே விலையில் கிடைக்கிறது. முந்தி வாங்கினவர் இரண்டாம் தடவையும் செலவழிக்கிறார். இது நியாயமில்லை. ஆனாலும் சில மறுபதிப்புகள் அந்த இரண்டாம் செலவுக்குப் பெறுமதியானவை. பழையதையும் புதியதையும் வருடக்கணக்காக மாறி மாறிப் பாவித்ததில் தெரியவந்ததை இங்கே எழுதுகிறோம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து உப்புக்காற்றில் இவை எப்படித் தாங்குகின்றன என்பதும் இதில் உண்டு.

அட்டையில் முதலில் பார்க்க வேண்டிய சொல் ரீமாஸ்டரா, ரீமிக்ஸா என்பது. குரல், வயலின், தாளம் என்று தனித்தனியாகப் பதிந்த பல தட நாடாவிலிருந்து மறுபடி கலப்பது ரீமிக்ஸ். ஏற்கெனவே கலந்து முடித்த இரு தட நாடாவை எடுத்து, சத்தத்தின் அளவையும் பேஸ், ட்ரெபிளையும் சரிசெய்வது ரீமாஸ்டர். எந்த நாடாவிலிருந்து எடுத்தது, யார் செய்தது, எந்த வருடம் என்ற மூன்றையும் அச்சிட்டிருந்தால் நம்பிக்கையோடு வாங்கலாம். ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்று மட்டும் பொன்னெழுத்தில் போட்டு, மற்ற எதையும் சொல்லாத பெட்டி என்றால் அவசரப்பட வேண்டாம். யாராவது வாங்கின பிறகு இரவல் எடுத்துப் பாருங்கள்.

கையில் கிடைத்ததும் உள்வளையத்தைப் பாருங்கள். இறுவட்டின் பளபளப்பான பக்கத்தை மேசை விளக்குக்குக் கீழே சற்றுச் சாய்த்துப் பிடித்தால், நடுத்துளைக்கும் தரவு தொடங்கும் இடத்துக்கும் இடையில் கண்ணாடிபோல ஒரு வளையம் தெரியும். அதில் பொடி எழுத்தில் ஒரு இலக்கத் தொடர் இருக்கும். அந்தத் தட்டு எந்த மூல அச்சிலிருந்து வார்க்கப்பட்டது என்பதற்கு அடையாளம் அது. பழைய தட்டிலும் புதிய பெட்டியின் முதல் தட்டிலும் அதே தொடர் இருந்தால், அந்தத் தட்டைப் பொறுத்தவரை நீங்கள் புதிதாக வாங்கியது அட்டையை மட்டும்தான். தொடர் வேறாக இருந்தாலும் ஒலி வேறு என்று உடனே முடிவெடுக்கக் கூடாது. வேறு ஆலையில் அச்சடித்தாலே இலக்கம் மாறிவிடும்.

உறுதியாக அறிய ஒரு கணினி போதும். எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி மென்பொருளில் இரண்டு தட்டையும் பிழை பார்த்துப் படிக்கும் செக்கியூர் முறையில், ஒலி இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளாக எடுங்கள். ஒரே பாடலின் இரண்டு பிரதியையும் ஓடாசிற்றி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து, அலைகள் நேருக்கு நேர் வரும்வரை பெரிதாக்கிப் பொருத்துங்கள். பிறகு ஒன்றை மட்டும் ‘இன்வேர்ட்’ செய்து, அதாவது அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். முழு நிசப்தம் வந்தால் இரண்டும் ஒன்றே. பொருத்துவதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். ஒரு தட்டு மற்றதைவிடச் சில நூறு சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய அளவுத் துண்டு) தள்ளித் தொடங்கும். சாதாரண இசையில் ஒரு சாம்பிள் பிசகினாலே மீதிச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு ‘புதியது வேறு’ என்று சொல்லிவிடுவார்கள்.

வேறுதான் என்று தெரிந்தால், எது நல்லது என்பது அடுத்த கேள்வி. சத்தத்தைச் சமப்படுத்தாமல் இதற்குப் பதில் சொல்லவே கூடாது, ஏனென்றால் சத்தம் கூடினது எப்போதும் நல்லதுபோலத்தான் கேட்கும். ஃபூபார்2000 என்ற பாடல் ஓட்டும் மென்பொருளில் இரண்டு தொகுப்புக்கும் ரீபிளேகெய்ன், அதாவது ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்ற அளவு, கணக்கிடுங்கள். பழையதற்கு -2 டெசிபெல், புதியதற்கு -9 டெசிபெல் என்று வந்தால், புதியது 7 டெசிபெல் உரப்பாக அழுத்தப்பட்டிருக்கிறது. அலைவரைபடத்தில் உச்சிகள் வெட்டுப்பட்டு, மதில்போலத் தட்டையாகத் தெரியும். மிருதங்கத்தின் வலந்தலை அடி, பறையின் முதல் வீச்சு, வீணையின் மீட்டு: இவற்றின் முனை மழுங்கிப்போகும். 2008இல் வந்த மெட்டாலிக்கா என்ற ரொக் குழுவின் ‘டெத் மக்னெற்றிக்’ இதற்காகவே விசிறிகளின் கண்டனத்தைப் பெற்றது. அதே பாடல்கள் ஒரு வீடியோ கேமில் குறைவாக அழுத்தப்பட்டு வந்திருந்ததால் ஒப்பிட்டுக் கேட்க அவர்களால் முடிந்தது. சமப்படுத்திக் கேட்டபின் பெரும்பாலான நேரம் பழைய இறுவட்டே வெல்கிறது. ஆகவே புதியது வந்ததும் பழையதை அரைவிலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

இரு பக்கமும் ஒரே ஒலி வரும் பழைய மோனோத் திரைப்பாடல்களை ‘ஸ்டீரியோ’ என்று விற்பதற்கும் இதேபோல ஒரு சோதனை உண்டு. பாடலை இரு தடமாகப் பிரித்து, ஒன்றை இன்வேர்ட் செய்து, மோனோவாகக் கலவுங்கள். உண்மையான மோனோ என்றால் ஒன்றும் மிஞ்சாது. குரலும் வாத்தியமும் மறைந்து ஒரு குகைச் சத்தம் மட்டும் மிஞ்சினால், அந்த எதிரொலி பிற்காலத்தில் பூசப்பட்டது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

‘ஹைரெஸ்’ என்று கூடுதல் விலைக்கு வரும் 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் கோப்பை, ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் திறந்து பாருங்கள். 22 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினதுபோல வெறுமை என்றால், அது 44.1 கிலோஹேர்ட்ஸ் இறுவட்டை ஊதிப் பெருப்பித்தது. ‘அரிய ஒத்திகைப் பதிவு’ 16 கிலோஹேர்ட்ஸிலேயே வெட்டுப்பட்டிருந்தால் எங்கோ கிடந்த எம்பி3யை எடுத்துப் போட்டிருக்க இடமுண்டு.

இனி, பெறுமதியானவை. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் ப்ளூ’ 1959இல் வந்தது. அதன் முதல் பக்கத்து மூன்று பாடல்களையும் பதிந்த நாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், தட்டில் அவை சுருதி கூடி ஒலித்தன. வேறொரு கருவியில் சமகாலத்தில் பதிந்திருந்த நாடாவைக் கொண்டு 1990களின் மறுபதிப்புகளில்தான் அது சரியானது. ஹார்மோனியம் வைத்துக்கொண்டு கூட வாசித்துப் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். பொப் மார்லி குழுவின் ‘கேட்ச் எ ஃபயர்’ 1973இல் வருமுன் லண்டனில் கிற்றாரும் கீபோர்டும் மேலே சேர்க்கப்பட்டன. 2001 டீலக்ஸ் பதிப்பு, அவை சேர்க்கப்படாத ஜமைக்காக் கலவையை, முன்பு விடுபட்ட இரண்டு பாடலோடு தனித் தட்டாகத் தந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பாடல்களின் எலும்புக்கூடு தெரிகிறது. இப்படியான இணைப்புக்கு இரண்டாம் தடவை காசு கொடுத்தாலும் மனம் நோகாது.

மற்ற இணைப்புகள் அநேகம் ஒரு தடவைதான் ஓடும். வானொலிக்காகச் சுருக்கிய வடிவம், குரல் நீக்கிய கரோக்கே, அதே பாடலின் மூன்றாவது டேக்: வருடங்கள் போனபின் இவை தொடப்படுவதே இல்லை. மேடைப் பதிவுகள் நிற்கும். இன்னொன்று, இணைப்பை எங்கே வைக்கிறார்கள் என்பது. கடைசிப் பாடல் முடிந்து அந்த அமைதி வருமுன்னே, கரகரத்த ஒத்திகை தொடங்கினால் தொகுப்பின் முடிவே கெட்டுவிடும். தனித் தட்டில் வைக்க வேண்டும், அல்லது ஒரு நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். ஒரு இறுவட்டில் 80 நிமிடம்வரை கொள்ளும். 40 நிமிடத் தொகுப்பை மூன்று தட்டாகப் பரப்பி, முதலாவது உங்களிடம் ஏற்கெனவே இருப்பது என்றால், அந்தப் பெட்டி விலையைக் கூட்டுவதற்காகவே செய்யப்பட்டது.

பெட்டியாகத்தான் தருவோம் என்று பிடிவாதம் பிடிப்பதும் உண்டு. 2009இல் பீற்றில்ஸின் மோனோ இறுவட்டுகள் ஒரே பெட்டியாக மட்டும் வந்தன. ஒன்றுமட்டும் தேவைப்பட்டவரும் முழுவதையும் தூக்க வேண்டியிருந்தது. வேறு வழி தொழில்நுட்பத்துக்கு இல்லாமலில்லை. 2007இலேயே ஐடியூன்ஸ் கடையில், முன்பு வாங்கிய பாடல்களின் விலையைக் கழித்துத் தொகுப்பின் மீதியைத் தரும் வசதி வந்துவிட்டது.

எங்கள் கரையோர வீடுகளில் பெட்டிகள் தட்டுகளுக்கு முன்பே பழுதாகின்றன. மாரிக்கு அட்டை பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டின பசை விடும். தடித்த இரட்டை இறுவட்டுப் பெட்டிகளில், குறிப்பாக 1980, 90களில் வந்தவற்றில், ஒரு நுரைப்பஞ்சுத் துண்டு வைத்திருப்பார்கள். வந்த அன்றே அதை எடுத்து எறியுங்கள். அது நாளடைவில் பிசுபிசுத்து, தட்டின் பெயர் அச்சிட்ட பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில்தான் அலுமினியப் படலம் ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. பஞ்சை உரித்தால் படலமும் சேர்ந்து வரும், விளக்குக்கு நேரே பிடித்தால் அந்த இடத்தால் வெளிச்சம் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பாடலை மீட்க முடியாது.

எல்பீ (ஊசி வைத்து ஓட்டும் பெரிய இசைத்தட்டு) தட்டுகளை பிவிசி உறையில் விடாமல் பொலித்தீன் உறைக்கு மாற்றி, நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணம் வந்தால் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, பெயர்த்தாள் நனையாமல் பள்ளங்களின் போக்கில் துடைத்து, வெறும் வடித்த நீரால் மறுபடி துடையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் பள்ளத்தில் படிந்து படபடக்கும்.

செலவுக் கணக்கில் தபாற்கூலியை மறந்துவிடுகிறார்கள். இரண்டு 180 கிராம் எல்பீ, அட்டை, பொதியுறை என்று ஒரு கிலோவை அண்மிக்கும். புத்தகத்தோடு வரும் பெரிய பெட்டி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கொழும்பில் சுங்கம் பார்க்கும்போது வற் வரியும் சேரும், 2024 ஜனவரியிலிருந்து அது 18%. விற்றவரின் பற்றுச்சீட்டு பொதியின் வெளியே ஒட்டப்பட்டிருந்தால் பெறுமதி பற்றிய இழுபறி குறையும். நாலு இணைப்புப் பாடலுக்கு இவ்வளவுமா என்று வாங்குமுன்னே கூட்டிப் பாருங்கள்.

இணையத்தில் கேட்கிறவர்களுக்கு வேறொரு இடைஞ்சல். புதிய ரீமாஸ்டர் வந்ததும் பழைய வடிவம் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவிடலாம். பட்டியலில் பாடல் மங்கலாகிவிடும், அல்லது அதே பெயரில் வேறு ஒலி வரும். சொந்தத் தட்டிலிருந்து எடுத்த ஃப்ளாக் பிரதி, 45 நிமிடத்துக்கு சுமார் 300 எம்பி, இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

இங்கே தொகுப்பு வெளியிடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கோ கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கோ பழைய எட்டுப் பக்திப்பாடலோடு புதிதாக இரண்டைச் சேர்த்து வெளியிடுவதாக இருந்தால், அந்த இரண்டையும் தனியாகவும் விற்கலாம். இறுவட்டைவிடப் பென் ட்ரைவில்தான் வாகனங்களில் பாடல் ஓடுகிறது, தனிப்பாடலாகக் கொடுக்கச் செலவும் இல்லை. பழைய தட்டைக் கொண்டுவந்து காட்டுகிறவருக்கு அந்த இரண்டையும் சும்மா கொடுத்தால் இன்னும் நல்லது. அட்டையின் பின்பக்கத்தில், எந்தப் பாடல்கள் எந்த வருடத் தொகுப்பில் ஏற்கெனவே வந்தவை, எவை புதியவை என்று கண்ணாடி இல்லாமலே வாசிக்கிற அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.