சொந்தத் துப்பாக்கியா, ரேஞ்ச் துப்பாக்கியா? டெல்லியில் சுடப் பழகுவோருக்கு ஓர் அலசல்

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து, டெல்லித் தமிழர்கள் கூடுகிற இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "பொண்ணு ஷூட்டிங் போகணும்ங்கறா, என்ன துப்பாக்கி வாங்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் அரசு வேலையிலோ தனியார் கம்பெனியிலோ இருக்கும் மாதச் சம்பளக்காரர்கள்.

அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. லைசென்ஸ் எடுத்து .22 ரைபிளோ, பிஸ்டலோ, 12 போர் துப்பாக்கியோ வாங்கலாம். காற்றழுத்தத்தில் சுடும், லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைபிள் அல்லது ஏர் பிஸ்டல் வாங்கலாம். எதையும் வாங்காமல், ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக்கூடத்தில், இருக்கும் துப்பாக்கியை வைத்தே சுடலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ரேஞ்ச் துப்பாக்கி, ஆர்வம் நிலைத்த பிறகு ஏர் பிஸ்டல். லைசென்ஸ் துப்பாக்கியை நினைப்பது, ஆடுகிற போட்டிக்கு அது இல்லாமல் முடியாது என்றால் மட்டும். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கூடுவதால் இந்த விளையாட்டு வளராது. கையில் காசு இல்லாத பிள்ளையும் போய்ச் சுட இடம் இருந்தால்தான் வளரும்.

நம்மில் பலருக்குத் துப்பாக்கி என்றதும் தாத்தா காலத்து வேட்டைக் கதைதான் ஞாபகம் வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது. இன்று பொழுதுபோக்காகச் சுடுவது என்றால் காகித இலக்கு, எலக்ட்ரானிக் இலக்கு, காற்றில் பறக்கும் களிமண் தட்டு, அவ்வளவுதான். ஏர் கன்னை எடுத்து மொட்டை மாடியில் புறாவையோ அணிலையோ சுடுபவரை இந்த விளையாட்டைச் சேர்ந்தவராக நான் கருதுவதில்லை.

லைசென்ஸ் துப்பாக்கி

இதற்கு அடிப்படை 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள். தமிழ்நாட்டில் மாவட்டங்களில் கலெக்டரிடம் போகிற விண்ணப்பம் டெல்லியில் போலீஸிடம் போகிறது. இணையத்தில் விண்ணப்பம், மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்று, போலீஸ் விசாரணை, நேரில் கேள்விகள் என்று படிகள் நீளும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருந்தது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. போட்டி வீரர்களுக்கு இந்த எண்ணிக்கையில் தனி விலக்கு உண்டு, 2020 பிப்ரவரியில் அதை இன்னும் தாராளமாக்கினார்கள். ஆனால் அந்தத் தாராளம் தேசிய அளவில் தகுதிப் புள்ளி எடுத்தவர்களுக்கும் பதக்கக்காரர்களுக்கும்தான் முழுதாகப் பயன்படும். முதல் நாள் ரேஞ்சுக்குள் நுழைகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் வயது. பொதுவாக 21 நிறையாமல் சொந்தப் பெயரில் லைசென்ஸ் கிடையாது. 12 வயது முடிந்தவர்கள் பெரியவர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சிக்காகச் சுடலாம். அப்படியென்றால் எட்டாவது படிக்கும் மகளுக்காக அப்பா லைசென்ஸுக்கு அலைவதில் அர்த்தமே இல்லை. அவள் சுடப்போவது எப்படியும் ரேஞ்சில், கோச் பக்கத்தில் நின்றுகொண்டுதான்.

அப்புறம் செலவு. .22 தோட்டா ஒன்றின் விலைக்கு, ஏர் துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட் பல வாங்கலாம். 12 போர் கார்ட்ரிட்ஜ் அதற்கும் மேலே. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் பயிற்சியில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒரு காலை நேரத்தில் சில சுற்று சுட்டுவிட்டு வந்தால் குடும்பத்தின் மளிகைக் கணக்கில் உறைக்கும். ட்ராபுக்குப் பெரிய திறந்தவெளியும் வேண்டும். டெல்லிக்குள் அதற்கான பெரிய முகவரி துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச். பிகானேர் மகாராஜாவாக இருந்து ஐந்து ஒலிம்பிக்ஸில் சுட்டவர் கர்ணி சிங். 1962 உலகப் போட்டியில் ட்ராபில் வெள்ளி வாங்கினார். நம் பக்கத்தில் பாரிஸ் வரை போன ட்ராப் வீரர் பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். இவர்களின் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நிலமும் வசதியும் உள்ள வீடுகளிலிருந்தே ட்ராப் வீரர்கள் அதிகம் வந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சொந்தமாக வாங்குவதை யோசிக்க வைக்கும் இன்னொரு காரணம் போட்டிகளே மாறிவிடுவது. ரியோ 2016க்குப் பிறகு ஆண்களின் 50 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் படுத்துச் சுடும் ரைபிள், ஒரே நேரத்தில் இரண்டு தட்டு பறக்கும் டபுள் ட்ராப் மூன்றும் ஒலிம்பிக்ஸிலிருந்து போயின. 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கிய பிரிவு டபுள் ட்ராப்தான். 50 மீட்டர் பிஸ்டலுக்கென்றே வடிவமைத்த, ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும் துப்பாக்கியைப் பெரும் விலைக்கு வாங்கியவர்கள் அந்த முடிவால் எப்படி நொந்திருப்பார்கள்! போன மூன்றுக்குப் பதிலாக வந்த, ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சுடும் கலப்புப் பிரிவுகளில் இரண்டு, ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அதிலேயே பார்க்கலாம்.

தாத்தா வைத்துவிட்டுப் போன இரட்டைக்குழல் துப்பாக்கி பற்றியும் டெல்லியில் அடிக்கடி கேட்கிறார்கள். தஞ்சாவூரிலோ சிவகங்கையிலோ பெட்டிக்குள் கிடக்கும். வாரிசு இங்கே துவாரகாவில் இருப்பார். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகோ, அவருக்கு 70 வயதான பிறகோ, 25 ஆண்டு வைத்திருந்த பிறகோ வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் அதைக் காரில் போட்டு டெல்லிக்குக் கொண்டுவருவது குற்றம். அதுவரை துப்பாக்கி போலீஸிலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைப்பில் இருக்க வேண்டும். நான் கேட்பவர்களிடம் சொல்வது: சுடப்போவதில்லை என்றால் நினைவுக்காக வைத்திருக்காதீர்கள், முறையாக விற்றுவிடுங்கள். வெறும் கௌரவத்துக்காக வீட்டில் கிடக்கும் துப்பாக்கியால் விளையாட்டுக்கு ஒரு பயனும் இல்லை, வீட்டுக்கு ஆபத்து உண்டு.

ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல்

4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் லைசென்ஸ் வேண்டாம். போட்டிக்கான 10 மீட்டர் துப்பாக்கிகள் அந்த வரம்பில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. இருந்தும் கண்ணில் பட்டால் கண் போய்விடும், ஆகவே இதையும் துப்பாக்கியாகவே மதித்துப் பழக வேண்டும். நல்ல ரேஞ்சில் முதலில் கற்றுத்தருவது சுடுவதை அல்ல. குழலுக்குள் ஆரஞ்சு நிற நைலான் கயிறு ஒன்றை முழுதாக நுழைத்து, முனை வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். கயிறு தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை. கோச் சொன்ன பிறகே அதை உருவ வேண்டும், சுட்டு முடித்ததும் மறுபடி நுழைக்க வேண்டும். இதில் கண்டிப்பு இல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

ரைபிளா பிஸ்டலா என்பதில் என் ஓட்டு பிஸ்டலுக்கு, காரணம் பெரும்பாலும் பணம். ரைபிளை வாங்கினால் கதை அதோடு முடியாது. கேன்வாஸும் தோலும் சேர்ந்த விறைப்பான ஜாக்கெட், அதே மாதிரி பேன்ட், தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ, கையுறை எல்லாம் உடம்பளவுக்குத் தைக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு அது ஒன்றிரண்டு வருஷம் தாங்கினால் பெரிது. ஜூன் மாத டெல்லியில், ஏசி சரியாக வேலை செய்யாத ஹாலில் அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு 60 குண்டு சுடுவது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் புள்ளி, பால்பாயின்ட் பேனா வைத்த புள்ளி அளவுதான். பிஸ்டலில் அது 11.5 மில்லிமீட்டர். அகலமாகத் தெரிந்தாலும், நீட்டிய ஒற்றைக் கையில் ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு அதற்குள் திரும்பத் திரும்பப் போடுவது சுலபமில்லை. சாதாரண உடை, சாதாரண ஷூ போதும், அதுதான் பிஸ்டலின் அழகு.

சொந்த ஏர் பிஸ்டலின் உண்மையான லாபம் வீட்டில் கிடைக்கிறது. பெல்லட் போடாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, விசையை மட்டும் இழுத்துப் பழகுவது இந்த விளையாட்டில் பாதிப் பயிற்சி. விசை 500 கிராம் எடையாவது தாங்க வேண்டும் என்பது விதி. விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதையால், மணிக்கட்டு அசையாமல், எப்போது விடுபட்டது என்று தனக்கே தெரியாத மெதுவில் அழுத்த வேண்டும். குழல் முனையில் உள்ள முன் குறி கொஞ்சம் சாய்ந்தாலும் சுவரில் அப்பட்டமாகத் தெரியும். தினமும் இருபது நிமிஷம் இதைச் செய்பவருக்கும் வாரம் ஒருமுறை ரேஞ்சுக்கு மட்டும் போகிறவருக்கும் சில மாதங்களிலேயே வித்தியாசம் புலப்படும். மரப்பிடியும் கைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். சின்னக் கைக்குப் பெரிய பிடி மாட்டினால் விரல் விசையை எட்டிப் பிடிக்கும், குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும்.

விலை என்று பார்த்தால் போட்டித் தரமுள்ள வெளிநாட்டு ஏர் பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும். பழசு வாங்கலாம், தவறில்லை. ஆனால் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொதுவாகப் பத்து வருஷம்தான் அதன் ஆயுள், காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. 200 பார் அழுத்தம் உள்ள பொருளில் இந்தக் கெடுபிடி நியாயமானது. புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். துப்பாக்கிப் பெட்டியோடு மெட்ரோவை நம்ப முடியாது என்பதால் போக்குவரத்துச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

ரேஞ்ச் துப்பாக்கி

டெல்லியில் மார்க்கெட் கட்டடங்களின் அடித்தளத்தில் கூட 10 மீட்டர் அகாடமிகள் வந்துவிட்டன. மாதக் கட்டணத்தில் துப்பாக்கியும் கோச்சும் சேர்த்துக் கிடைக்கும், வீட்டில் பூட்டி வைக்கும் கவலை இல்லை. ரைபிளையும் பிஸ்டலையும் மாற்றி மாற்றிப் பார்த்து எது ஒத்துவருகிறது என்று கண்டுகொள்ளலாம். மூன்று மாதத்தில் பிள்ளைக்கு அலுத்துவிட்டாலும் நஷ்டம் பெரிதில்லை.

குறைகளும் உண்டு. உங்களுக்கு முன்னால் சுட்டவர் தன் கண்ணுக்கு ஏற்றபடி குறியைத் திருகி வைத்திருப்பார். உங்கள் நேரத்தில் கால்வாசி அதைச் சரிசெய்வதிலேயே போகும். இடக்கைக்காரர்கள் பாடு திண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளும். முன்னேற முன்னேற இந்த எரிச்சல் கூடும், அப்போது சொந்தமாக வாங்குவதுதான் சரி.

சேரும் முன் ஒரு விஷயத்தை மூக்கும் கண்ணும் வைத்துப் பாருங்கள். பெல்லட் ஈயத்தால் ஆனது. அடித்தள ஹாலில் காற்றை வெளியேற்றும் வசதி இருக்கிறதா, இலக்குக்குப் பின்னால் நசுங்கிய பெல்லட்டுகள் பெட்டிக்குள் விழுகின்றனவா இல்லை தரையெல்லாம் சிதறிக் கிடக்கின்றனவா, கை கழுவ சோப்பு இருக்கிறதா? சுட்ட கையோடு சமோசா சாப்பிடும் பிள்ளைகளை யாரும் தடுக்கவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

இனி எதிர்காலம்

ஈயம்தான் இந்த விளையாட்டுக்கு வரப்போகும் பெரிய கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து ஈர நிலங்களில் ஈய ரவை சுடக்கூடாது. ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டியான மாடர்ன் பென்டத்லான் ஏர் பிஸ்டலை விட்டு லேசருக்கே மாறி, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் லேசரோடு நடந்தது. 12 வயதாகாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் அறிமுகம் செய்ய லேசர் அருமையான வழி என்று நினைக்கிறேன். அதற்கு மேல் பெல்லட்டின் இடத்தை அது பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காகிதத்தில் விழுந்த ஓட்டையைப் பார்த்துத் தன் தவறைக் கண்டுபிடிக்கும் பழக்கம் லேசரில் வராது.

காமன்வெல்த் போட்டியில் 2022 பர்மிங்ஹாம் ஷூட்டிங்கைச் சேர்க்கவில்லை, 2026 கிளாஸ்கோவும் சேர்க்கவில்லை. பதக்கத்தை மட்டும் நம்பி வளர்ந்தால் இப்படி ஒரு முடிவில் ஆர்வம் வடிந்துவிடும். 2008 ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்தது உண்மை. எல்லோருக்கும் அது வாய்க்காது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அகாடமியில் பழகித்தான் 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போனார். நம்மைப் போல வெளியூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண்.

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இந்த ஊரில் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. பத்து மீட்டர் தூரத்துக்கு மைதானம் வேண்டாம், நீளமான ஒரு ஹால் போதும். இரண்டு ஏர் பிஸ்டல், ஒரு பூட்டுப் பெட்டி, சனிக்கிழமைகளில் வரும் தகுதியுள்ள கோச், வருகைப் பதிவேடு, பெற்றோரின் ஒப்புதல் கடிதம். ஒரு குடும்பம் சொந்தமாக ரைபிளும் ஜாக்கெட்டும் வாங்கும் செலவில் ஒரு பள்ளியில் இதைத் தொடங்கிவிடலாம். பிள்ளைக்கு என்ன துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்கிற பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள்.