1/35 டாங்கா, 1/48 போர் விமானமா?

பிளாஸ்டிக் கிட் (நிஜ வண்டியின் சிறிய மாதிரியைப் பாகம் பாகமாக ஒட்டும் பெட்டி) கட்டுவதில் கொஞ்சம் ருசி கண்டவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். நானும் பல வருஷம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டினேன். இப்போது என் மேசையில் டாங்க் மட்டும்தான். விமானம் அலுத்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கை வளைவைப் பார்த்தால் இன்றைக்கும் கை பரபரக்கும். ஆனால் கிடைக்கும் நேரத்தில் ஒரு கிட்டை எடுத்து, அதை முடித்து, முடித்ததைத் திருப்தியோடு அலமாரியில் வைக்க வேண்டும் என்றால் 1/35 டாங்க்தான் என்பது என் கட்சி.

முதலில் அளவு, அதாவது நிஜத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பது. 1/72 என்றால் ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி, 1/48 என்றால் கால் அங்குலத்துக்கு ஓர் அடி. அங்குலக் கணக்கிலிருந்து வந்தவை. 1/35க்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனமான தமியா, மோட்டாரில் ஓடும் பேந்தர் டாங்க் ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே இரண்டு பேட்டரி உட்கார எவ்வளவு இடம் வேண்டுமோ அதை வைத்துத்தான் அதன் அளவு முடிவானது. அது நன்றாக விற்றதும் அடுத்தடுத்த டாங்குகளையும் அதே அளவில் செய்யலாம் என்று அளந்து பார்த்தபோது, ஏறக்குறைய 1/35 வந்தது. பேட்டரியால் பிறந்த அளவுதான் இன்றைக்கு உலகம் முழுக்க டாங்க் கட்டுபவர்களின் பொது அளவு.

அலமாரி இடம் பெரிய பிரச்சினையா? தொடக்கத்தில் இல்லை. ஜெர்மன் டைகர் டாங்க் 1/35இல் குழலோடு சேர்த்து 24 செ.மீ. நீளம் வரும், 1/48 ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 23 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. ஆனால் டாங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. போர்க்காலத்தில் கட்டப்பட்டதிலேயே பூதாகாரமான ஜெர்மன் டாங்க் மவுஸ்கூட 1/35இல் 30 செ.மீ.க்குள் அடங்கிவிடும். விமானத்தில் ஆசை வளர வளர அளவும் வளரும்: 1/48இல் ஒரு சுகோய் 27 ஏறக்குறைய 46 செ.மீ. நீளம், ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம் 66 செ.மீ. இறக்கை. அதற்கு மேல் வேறு எதையும் அடுக்கவும் முடியாது. கருவிகள், பசை, பெயின்ட் எல்லாம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

என் மனசை மாற்றியது இவை எதுவும் அல்ல. வேலையின் நடுவில் திருத்திக்கொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

விமானக் கிட்டின் உடல் பெரும்பாலும் இடது, வலது என்று இரண்டு பாதியாக வரும். ஒட்டியதும் இணைப்புக் கோடு முதுகின் உச்சியில், கண் முதலில் விழும் இடத்தில் ஓடும். ஸ்பிட்ஃபயரின் மூக்கின் மேல்மூடியை எடுத்துக்கொள்ளுங்கள்: நிஜத்தில் அது வழுவழுப்பான ஒரே தகடு, நடுவில் கோடு இருக்கவே கூடாது. அதனால் புட்டி வைத்து, காயவிட்டு, 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்க்கிறோம். தேய்க்கும்போது பக்கத்தில் இருக்கும் பேனல் கோடுகளும் (தகடுகள் சேரும் கோடுகள்) ரிவெட்டுகளும் சேர்ந்தே மழுங்கும். அவற்றை ஊசிமுனைக் கருவியால், தடித்த டேப்பை ஓரமாக ஒட்டிக்கொண்டு, மறுபடி கீற வேண்டும். வளைந்த பரப்பில் கோடு ஒரு நூல் விலகினால் அதற்கும் புட்டி. பிறகு பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தால்தான் இணைப்பு உண்மையிலேயே மறைந்ததா என்று தெரியும். பல சமயம் மறைந்திருக்காது. திரும்பவும் முதலிலிருந்து.

சரி, உடல் முடிந்தது, இறக்கை உடலோடு சேரும் இடைவெளியும் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கேனப்பி, அதாவது விமானியின் தலைக்கு மேலான கண்ணாடி மூடி. அது தெளிவான பிளாஸ்டிக். வழக்கமான பசை ஒரு துளி பட்டாலும் பரப்பு உருகித் தழும்பாகிவிடும், சூப்பர் குளூவின் ஆவி பட்டால் வெண்படலம் படியும். சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்க ஒவ்வொரு கண்ணாடிக் கட்டத்தையும் டேப்பால் மூட வேண்டும். அந்த டேப்பைக் கழற்றுவது வேலையின் கடைசி நாளில். உள்ளே ஒரு தூசு ஒட்டியிருக்கிறதா, சட்டத்தின் ஓரத்தில் பெயின்ட் கசிந்திருக்கிறதா என்பது அன்றைக்குத்தான் தெரியும். டிகாலும் (நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) அப்படியே. பரப்பு பளபளப்பாக இல்லாவிட்டால் டிகாலுக்கு அடியில் காற்று சிக்கி, மேலே மங்கல் வார்னிஷ் அடித்தபிறகும் வெள்ளி போல மினுங்கும். ஆக, விமானத்தில் முதல் நாள் விட்ட குறை கடைசி நாளில் தலைகாட்டும். அப்போது அதைச் சரிசெய்ய வேண்டுமானால் நடுவில் செய்த அத்தனை வேலையையும் கலைக்க வேண்டும்.

டாங்கில் கதையே வேறு. அது தடித்த தகடுகளை வெல்டு செய்து கட்டிய வண்டி, அல்லது மண் அச்சில் வார்த்த வண்டி. டைகரின் முன்தகடு 100 மி.மீ. தடிமன்; அதை வெட்டிய ஓரமும் வெல்டு வரியும் வெளியே தெரியத்தான் தெரியும். கிட்டில் இரண்டு தகடு சேரும் இடத்தில் பசை பிதுங்கி மெல்லிய வரப்பாக நின்றால், அது இளகியிருக்கும்போதே கத்தி முனையால் குறுக்குக் குறுக்காக அழுத்தி வெல்டு ஆக்கிவிடலாம். சோவியத் டாங்க் டி-34இன் டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) இன்னும் தாராளம். போர்க்கால அவசரத்தில் வார்த்ததால் நிஜ டரட்டே கரடுமுரடு. அச்சின் இரண்டு பாதி சேர்ந்த வரி பக்கவாட்டில் அப்பட்டமாக ஓடும். கிட்டின் டரட் அளவுக்கு மீறி வழவழப்பாக வந்திருந்தால், மெல்லிய பசையை அதன்மேல் தடவி, பரப்பு இளகும்போது பழைய பிரஷ்ஷின் தட்டை முனையால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஐந்து நிமிடத்தில் வார்ப்பு எஃகின் சொரசொரப்பு வந்துவிடும். விமானத்தில் மணிக்கணக்கில் எதை அழித்தோமோ, அதையே இங்கே வேண்டுமென்று உண்டாக்குகிறோம்.

பெயின்ட்டிலும் அதே கதைதான். அடிப்படை நிறம் கொஞ்சம் இருண்டுவிட்டதா? மேலே வெளிறிய சாயலை ஏற்றலாம். வெளிறிவிட்டதா? பழுப்பு வாஷ் (நன்றாக நீர்த்த பெயின்ட்) கொடுத்தால் இறங்கும். ஆயில் பெயின்ட்டைச் சிறு புள்ளிகளாக வைத்து, டர்பன்டைன் தொட்ட பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்தால் மழையில் வழிந்த தடம் வரும். பிடிக்கவில்லையா, அக்ரிலிக் வார்னிஷ் அடியில் இருக்கும்வரை துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கைத் திருத்தும் வாய்ப்பு. ஒரு மாதம் தொடாமல் கிடந்தாலும் விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம். வேலை, குடும்பம் என்று நேரத்தைத் திருடித் திருடிக் கட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். "டாங்க் என்றால் சேற்றைப் பூசி மறைத்துவிடலாம்" என்று விமானக்காரர்கள் சொல்வதுண்டு. மறைக்கப் பூசிய சேறு பார்த்ததும் தெரிந்துவிடும். சேறு வந்த வழி இருக்க வேண்டும்: டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) வாரி இறைக்கும் பின்பக்கத்திலும் சக்கரங்களின் உட்புறத்திலும் அடர்ந்து, மேலே போகப் போகத் தூசாக மெலிய வேண்டும். பெயின்ட் தேய்வது வீரர்கள் ஏறி இறங்கும் தடத்தில், மூடியின் ஓரத்தில். எண்ணெய்க் கறை எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றி. இந்த வண்டி எங்கே ஓடியது, யார் எங்கே கால் வைத்தார்கள் என்று யோசித்துப் பூசும்போதுதான் வெதரிங் (அழுக்கும் தேய்மானமும் காட்டும் வேலை) உயிர்பெறும். இந்த யோசனைதான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே பிடித்த பகுதி.

டாங்கில் சலிப்பே இல்லையா என்றால், இருக்கிறது: சக்கரமும் டிராக்கும். தொடக்ககால டைகருக்கு ஒரு பக்கம் எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம், இரண்டு பக்கமும் சேர்த்து 48. எல்லாவற்றுக்கும் ரப்பர் விளிம்பைத் தனியாகத் தீட்ட வேண்டும். 1944இல் வந்த இரும்புச் சக்கரப் பிந்தைய டைகருக்கு 32தான், ரப்பர் விளிம்பும் கிடையாது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசிய சிம்மரிட் பூச்சு இருக்கும், அதை உருவாக்குவது தனி வேலை. தனித்தனிக் கண்ணியாக வரும் டிராக் என்றால் டைகருக்கு ஒரு பக்கத்துக்கு 96 கண்ணி. ஒவ்வொன்றையும் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி, அரத்தால் சீவி, கோக்க வேண்டும். பாட்டு கேட்டுக்கொண்டே செய்கிற வேலை என்று நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்க வேண்டும் என்று இல்லை.

விமானம் ஜெயிக்கும் இடங்களும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமில்லை. காக்பிட் மட்டுமே ஒரு தனி உலகம்: கடுகளவு டயல்கள், இருக்கைப் பட்டை, கட்டுப்பாட்டுக் கம்பி. நிறங்களின் வகையும் அதிகம். டாங்க் என்றால் பச்சை, மணல் மஞ்சள், ஆலிவ் என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்ற வேண்டும். விமானத்தில் ஒரே மாடலுக்கு நூறு அணி, நூறு அடையாளம்; இன்ன விமானி இன்ன நாளில் ஓட்டியது என்று ஒரே விமானத்தைப் பிடித்துக் கட்டலாம். பெயின்ட் பூசாத வெறும் உலோக விமானம் ஒன்றை நன்றாக முடித்துவிட்டால் அதற்கு ஈடாக எந்த டாங்கையும் வைக்க முடியாது. அதிலும் நுணுக்கம் உண்டு: பி-51 மஸ்டாங்கின் உடல்தான் வெறும் அலுமினியம், இறக்கையின் இணைப்புகளைக் காற்றோட்டத்துக்காகப் புட்டியால் நிரப்பி, வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆகவே உடல் பளபளக்க, இறக்கை சற்று மந்தமாக இருப்பதுதான் சரி. இப்படி ஒன்று தெரிந்து கட்டும்போது வரும் சந்தோஷம் விமானத்துக்கே உரியது.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டியவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரின் ஒற்றை இன்ஜின் விமானங்கள். ஜெட் கொஞ்சம்தான். 1/32 தொட்டதில்லை, கம்பி கட்ட வேண்டிய இரட்டை இறக்கை விமானங்கள் பக்கமும் போனதில்லை. பெரிய அளவில் இணைப்புகளைக் கையாள்வது எளிதாக இருக்கலாம். அதில் ஊறியவர்கள் சொல்வதை என் பேச்சுக்கு மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் டாங்குக்கே என் ஓட்டு. மெல்லிய மேக்கப் பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும், உடைய இருப்பது ஆன்டெனா ஒன்றுதான். விமானத்தில் வேகம் அளக்கும் பிட்டோ குழாய், ஆன்டெனாக் கம்பி, சக்கரக் கால், அதன் மூடி என்று பிரஷ் படும் இடமெல்லாம் ஆபத்து. ஆனால் டாங்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில பழைய கிட்களின் மிருதுவான வினைல் டிராக், வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் சக்கரத்தோடு ஒட்டியிருந்து அதை அரித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் பெயின்ட் படலம் முழுமையாக இருக்கட்டும்.

முதல் டாங்குக்கு நான் சொல்வது ஷெர்மன். ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரம்தான், டிராக்கின் மேல்பகுதி உருளைகளின் மேல் ஏறக்குறைய நேராக ஓடுவதால் ரப்பர் பட்டை மாதிரி வரும் டிராக்கே நன்றாக உட்காரும். டி-34 போல டிராக் தொய்ந்து சக்கரத்தின் மேல் படுக்கும் வண்டி என்றால், தொய்வோடு வார்த்த நீளத் துண்டுகளும் வளைவுக்குத் தனிக் கண்ணிகளும் கொண்ட கிட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

இல்லை, விமானம்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் மெஸ்ஸர்ஷ்மிட் 109இலிருந்து தொடங்கலாம். அதன் உடலின் பின்பகுதியை நிஜத்திலேயே இரண்டு பாதியாகச் செய்து மேலும் கீழும் இணைத்தார்கள். முதுகில் ஓடும் கோட்டை மெல்லியதாக விட்டாலும் தப்பில்லை. கேனப்பியும் தட்டைக் கண்ணாடிகளும் நேர்ச் சட்டங்களும் கொண்டது, டேப் வெட்ட எளிது. முதல் முறை அதை மூடியபடியே ஒட்டுங்கள்.