பம்பு போய்விட்டது என்றார்கள். போனது ஒரு சாண் ஹோஸ்

கோத்தகிரிப் பக்கம் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள், யாராவது ‘எஃப்.ஐ.பி. பம்பு (இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு) போய்விட்டது’ என்று சொன்னவுடன் வண்டியைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 33,700 ரூபாயையும் ஒன்பது நாட்களையும் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

என்னுடையது காமன் ரயில் என்ற கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு டீசல் முறை வருவதற்கு முந்தைய, மெக்கானிக்கல் பம்பு கொண்ட வண்டி. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்குப் பச்சைக் கொழுந்து ஏற்றுவதுதான் அதன் வேலை. சென்ற டிசம்பரில், சமதளத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, லோடு ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது மட்டும் விக்கி விக்கி நிற்கத் தொடங்கியது. டேங்கில் டீசல் பாதிக்குக் கீழே இறங்கிய நாட்களில் தொல்லை அதிகமாக இருந்தது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆனால் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்திவைத்த இரவுகளுக்குப் பிறகு ஒரே சாவியில் பற்றிக்கொள்ளும். இதை நான் கவனித்து, மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்லவும் செய்தேன். “மலையில குளிருங்கண்ணா, டீசல் வண்டின்னா அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்துவிட்டார். நோயின் பெயரையே நான் அவர் கையில் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கும் தெரியவில்லை.

அவர் ஃபில்டரைக்கூடத் திறக்கவில்லை. ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, பம்பு தேய்ந்துவிட்டது, கோயம்புத்தூரில் கொடுத்துப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் மாற்றிவிடுவது நல்லது என்றார். பம்புக்கு 22,000, நான்கு நாசில்களுக்கு 7,200, கழற்றி மாட்டிய கூலிக்கும் போக்குவரத்துக்குமாக 4,500 ரூபாய் வாங்கினார். கொழுந்து மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும் என்பதால், அந்த ஒன்பது நாட்களும் வாடகை வண்டி வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கு தனி. பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய நாசில்களைக் கேட்டபோது, கடையிலேயே போட்டுவிட்டார்கள் என்றார். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிச் சோதித்த பம்புக்கு அளவுகள் எழுதிய தாள் ஒன்று தருவார்கள் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன்.

வண்டி திரும்பி வந்த பன்னிரண்டாம் நாள், அதே வளைவில், அதே விக்கலுடன் நின்றது. மறுபடி போனதற்கு, டீசலில் கலப்படம் இருக்கும், பெட்ரோல் பங்கை மாற்றுங்கள் என்று பதில் வந்தது.

பொங்கலுக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்த என் மைத்துனர் படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர். பாய்மரப் படகுகளில் இருக்கும் சிறிய டீசல் இன்ஜின்களையும் அவ்வப்போது பார்த்திருக்கிறார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “மச்சான், டேங்க் இன்ஜினுக்குக் கீழேதானே இருக்கு? அப்ப இது காத்து இழுக்குது” என்றார். படகிலும் பல சமயம் இதே அமைப்புதானாம்: டேங்க் தாழ்வாக இருக்கும்; ஃபீட் பம்பு என்ற சிறிய பம்பு உறிஞ்சித்தான் டீசலை மேலே கொண்டுவர வேண்டும். ஃபீட் பம்புக்குப் பிந்தைய குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். முந்தைய குழாயில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல், காற்றுதான் உள்ளே போகும். இரவு முழுவதும் அந்த வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடித்து அதைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது. மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தால் பின்னாலுள்ள டேங்க் உயர்ந்துவிடுவதால் டீசல் இறங்குவதில்லை. ஏற்றத்தில் டேங்க் இன்னும் தாழ்ந்துவிடுகிறது. போதாததற்கு, லோடில் இன்ஜின் கேட்கும் டீசலும் அதிகம்.

அவர் செய்த சோதனைக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் டீசல் நிரப்பி, இன்ஜினுக்கு மேலே உயரமாகக் கட்டி, அதிலிருந்து ஃபீட் பம்புக்கு நேராக ஒரு ஹோஸைக் கொடுத்தார். கையால் அடிக்கும் பம்பை அழுத்திக்கொண்டே ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே வளைவில் ஏறினோம். வண்டி ஒரு முறைகூட விக்கவில்லை. ஆக, பம்பும் நாசிலும் சரி. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான். கேனைக் கழற்றிவிட்டு, ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு சாண் கண்ணாடி ஹோஸை இணைத்துக் காட்டினார். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழிகள் வரிசையாக ஓடின. டேங்கோடு சேரும் முனையில், கிளிப்புக்கு அடியில், ரப்பர் ஹோஸ் மயிரிழை அளவு வெடித்திருந்தது. வளைத்தால்தான் வாய் திறந்தது. பள்ளம் பார்த்து நிறுத்திய இரவுகளில் மட்டும் கல்லின்மேல் ஒரு ரூபாய் நாணய அளவில் டீசல் கறை விழுந்ததை, டேங்க் மூடி சிந்தியது என்று நான் நினைத்திருந்தேன். புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் 140 ரூபாய்.

(காமன் ரயில் வண்டிக்காரர்கள் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். அதன் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு போகும்.)

இதுவரை அந்த மெக்கானிக்குக் கைத்திறன் போதாது என்றுதான் எண்ணியிருந்தேன். பம்பைத் துடைத்துவிட்டு மைத்துனர் காட்டியதும் அந்த எண்ணமும் போய்விட்டது. பம்பைப் பிரித்துச் சரிசெய்தால் அறுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டிய, அதிகபட்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவின் ஈய முத்திரை பழையபடியே, கறுத்து, கம்பி அறாமல் இருந்தது. மூடியின் போல்ட் குழிகளில் பல வருடத்து மண்ணும் பெயின்டும் சேர்ந்து இறுகியிருந்தன. ஸ்பானர் பட்ட சுவடே இல்லை. பம்பை வண்டியிலிருந்து கழற்றியிருக்கிறார்கள், ஆனால் திறக்கவே இல்லை.

முத்திரையையும் போல்ட்டுகளையும் தேதியுடன் படம் எடுத்து, பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்குப் பில் தராததே முறையற்ற வணிக நடைமுறைதான். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வேலைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவைத்தேன்.

இதே மாதிரி பம்பு ஓவர்ஹாலுக்குப் பணம் கொடுத்தவர்கள் நம் பக்கத்தில் வேறு யாரும் இருந்தால், பம்பைத் துடைத்து அந்த ஈய முத்திரையை ஒரு முறை பாருங்கள். பழைய முத்திரையே இருந்தால், அதன் மேல் கை வைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.